வீட்டில் பாட்டு வடிவாகக் கேட்க: வன்னி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்போது பாட்டு பெரும்பாலும் போன் வழியாகத்தான் வருகிறது. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. யூடியூப் மியூசிக், அப்பிள் மியூசிக் என்று வேறும் இருக்கின்றன. தேடினால் பாட்டு உடனே கிடைக்கிறது. கிடைத்த பாட்டைப் புளூடூத்தில் ஒரு ஸ்பீக்கர் பொக்ஸுக்கு அனுப்பி, பொக்ஸை அலுமாரிக்கு மேலே ஏற்றி, பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, முழுக்கத் திருகிவிட்டுக் கேட்கிற வீடுகளே அதிகம். பாடுகிறவரின் சொல் விளங்காது, தவிலும் மிருதங்கமும் ஒரே மாதிரிக் கேட்கும். அதே சாமான்களை வைத்துக்கொண்டே இதைவிட எவ்வளவோ நன்றாகக் கேட்கலாம்.

வீட்டில் ஒலியைத் தீர்மானிப்பதில் முதலிடம் அறைக்கும் பொக்ஸ் நிற்கிற இடத்துக்கும். அடுத்தது பொக்ஸ். அதற்கு அடுத்தது போனை அம்புடன், அதாவது ஒலியைப் பெருக்கிப் பொக்ஸுக்கு அனுப்புகிற அம்ப்ளிஃபயருடன், இணைக்கிற விதம். பாட்டு செக்கனுக்கு எத்தனை கிலோபிட் தரவாக வருகிறது என்பது, ஒரு அளவுக்கு மேலே, கடைசி இடம்தான். கடையிலும் இணையத்திலும் ஆட்கள் இந்த வரிசையைத் தலைகீழாகக் கதைப்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்களின் காசு தவறான இடத்தில் போய்விடுகிறது.

முதலில் போன்

செயலியின் அமைப்புகளைத் திறவுங்கள். இதற்குக் காசு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

ஸ்பொட்டிஃபையில் ஒலித் தரம் வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று, பதிவிறக்கத்துக்கு ஒன்று என்று பிரிந்திருக்கும். இலவசக் கணக்கில் ஆகக் கூடியது செக்கனுக்கு 160 கிலோபிட். காசு கட்டினால் 320க்கு ஏற்றலாம். யூடியூப் மியூசிக்கில் கூடிய தரம் 256 கிலோபிட். வைஃபைக்கும் பதிவிறக்கத்துக்கும் உங்கள் கணக்கில் கிடைக்கிற ஆகக் கூடியதைத் தெரிவு செய்யுங்கள். தரத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் தெரிவு இருந்தால் நிறுத்திவிடுங்கள். சிக்னல் குறைகிற நேரம் அது உங்களுக்குச் சொல்லாமலே தரத்தை இறக்கிவிடும்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாக வைத்திருப்பது நல்லது. நெற் மெதுவாக இருப்பதால் பாட்டு மங்கிக் கேட்பதில்லை. தரவு வந்து சேர்ந்தால் முழுதாக வந்து சேரும், சேராவிட்டால் பாட்டு இடையில் நிற்கும். தரம் குறைந்து கேட்கிறது என்றால் செயலி குறைந்த தரத்துக்கு மாறியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் வெட்டாமல் தருகிற தரம். சீடியில் உள்ள ஒலி 16 பிட், செக்கனுக்கு 44,100 மாதிரிகள். இடம், வலம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் செக்கனுக்கு 1,411 கிலோபிட். ஃபிளாக் போன்ற முறைகள் எதையும் வெட்டாமல் இதைப் பாதிக்குக் கிட்டச் சுருக்குகின்றன. அப்பிள் மியூசிக் 2021 ஜூனில் இருந்து இந்தத் தரத்தை மேலதிகக் காசு இல்லாமல் தருகிறது, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகலாம். 96 கிலோபிட்டுக்கும் 320க்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனித்தால் யாரும் கண்டுபிடிப்பார்கள். 320க்கும் லாஸ்லெஸுக்கும் உள்ளதை, மின்விசிறி சுற்றுகிற ஒரு சாதாரண ஹோலில், மிகச் சிலரே கண்டுபிடிப்பார்கள். லாஸ்லெஸ் கிடைத்தால் போடுங்கள். அது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 192 கிலோஹெர்ட்ஸ் டேட்டாவை விழுங்குவதோடு சரி.

இதைவிடப் பெரிய வித்தியாசம் எந்தப் பதிவைத் தெரிவு செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஒரே பழைய பாட்டு ஐந்தாறு இடங்களில் இருக்கும். ஒன்று இசை நிறுவனமே ஏற்றியது, இன்னொன்று தேய்ந்த கசற்றில் இருந்து யாரோ எடுத்தது, வேறொன்று பேஸைக் கூட்டிக் கெடுத்தது. எல்லாவற்றையும் ஒருக்கா கேட்டு, நல்லதைச் சேமித்து வையுங்கள். இலங்கை வானொலிக் காலத்து ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் பலவற்றுக்கு இப்படித் தேடுவதைத் தவிர வேறு வழியும் இல்லை. யூடியூப் வீடியோவில் கேட்பதென்றால் படத்தை 1080க்கு ஏற்ற வேண்டாம். ஒலி தனியாக வருகிறது. படத்தைக் கூட்டினால் டேட்டாதான் போகும்.

தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்குவலைசரை முதலில் முழுக்க நிறுத்துங்கள். போனில் ‘சரவுண்ட்’, ‘3டி’ என்று இருப்பவற்றையும் நிறுத்துங்கள். பொக்ஸைச் சரியான இடத்தில் வைத்த பிறகும் ஏதாவது குறை இருந்தால் அப்போது தொடலாம். அப்போதும் கூடிய பகுதியைக் குறைத்துச் சரிசெய்யுங்கள், குறைந்ததைக் கூட்டாதீர்கள். கூட்டினால் உரத்த இடங்களில் ஒலி உடையும். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் தெரிவு நல்லதுதான், ஆனால் அதில் ‘உரத்து’ என்ற நிலையைத் தெரிவு செய்யாமல் சாதாரண நிலையில் விடுங்கள்.

போனில் இருந்து அம்புக்கு

புளூடூத் பாட்டை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது. எல்லாப் பொக்ஸுக்கும் தெரிந்த எஸ்பிசி முறையில் ஆகக் கூடியது ஏறக்குறைய 328 கிலோபிட். எல்டாக் என்ற முறையில் 990 வரை போகும், ஆனால் போனிலும் பொக்ஸிலும் இரண்டிலும் அது இருக்க வேண்டும். வேலை செய்துகொண்டு கேட்பதற்குப் புளூடூத் தாராளமாகப் போதும். அடிக்கடி வெட்டினால், ரௌட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அலைவரிசையில் முட்டுகின்றனவா என்று பாருங்கள். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதற்கு மாற்றுங்கள்.

உட்கார்ந்து கேட்பதற்கு வயர் நல்லது. போனில் ஹெட்போன் துளை இருந்தால் ஒரு முனையில் 3.5 மில்லிமீற்றர், மறுமுனையில் சிவப்பு வெள்ளை என்று வருகிற ஓக்ஸ் வயர் போதும். துளை இல்லாத போனுக்கு, உள்ளே சிறிய டாக் உள்ள யூஎஸ்பி-சி வயர் வேண்டும். எண்களை ஒலியாக மாற்றுகிற சில்லுக்குத்தான் டாக் என்று பெயர். விரல் நீளமுள்ள இந்த வயர்கள் இன்று வியக்கிற அளவுக்கு நன்றாக இருக்கின்றன. அப்பிளின் வயரும் நல்லது, ஆனால் பல அண்ட்ரொய்ட் போன்களில் அதன் சத்தம் குறைவாக வரும். வாங்கும்போது உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். அம்பில் ‘லைன்’ அல்லது ‘ஓக்ஸ்’ என்று எழுதிய துளையில் மட்டும் குத்துங்கள். மைக் துளையில் குத்தினால் ஒலி உடைந்து கரகரக்கும்.

போனின் வொல்யூமை உச்சத்துக்குக் கிட்ட வைத்து, கூட்டிக் குறைப்பதை அம்பில் செய்யுங்கள். போனில் குறைத்து அம்பில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

வீட்டில் கண்ணாடி வெடித்த பழைய போன் ஒன்று கிடந்தால் அதைப் பாட்டுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சிம்மைக் கழற்றி, விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, அறிவிப்புகளை நிறுத்தி, அம்புக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வையுங்கள். அழைப்பு வந்து பாட்டு நிற்காது. புதிய போனில் இருந்தே அதை இயக்கவும் முடியும், ஒரே கணக்கில் இரண்டும் இருந்தால் ஸ்பொட்டிஃபை இதை அனுமதிக்கிறது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ‘ஸ்ட்ரீமர்’ பெட்டி செய்கிற வேலையில் பெரும்பகுதி இதுதான்.

ஸ்மார்ட் ரிவியில் கேட்கிறவர்கள் ரிவியின் சொந்த ஸ்பீக்கரை விட்டு, ஒப்டிக்கல் வயரிலோ எச்டிஎம்ஐ ஏஆர்சியிலோ அம்புக்கு எடுங்கள். ரிவியின் ஒலி அமைப்பில், ஒலியைச் சுருக்காமல் அனுப்புகிற பிசிஎம் என்ற தெரிவை வையுங்கள்.

பொக்ஸ் நிற்கிற இடம்

ஒரு பின்னேரம் முழுதையும் இதற்கென்று ஒதுக்குங்கள்.

முதலில் பொக்ஸுகளை அலுமாரியில் இருந்து இறக்குங்கள். பொக்ஸில் உள்ள சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், நீங்கள் கதிரையில் இருக்கும்போது உங்கள் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். உயர்ந்த சுருதிகள் நேர்கோட்டில்தான் போகும், தலைக்கு மேலாகப் போனால் சொற்களின் கூர்மை போய்விடும். ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை. வளவில் மிஞ்சிக் கிடக்கிற புளொக் கல்லை அடுக்கி, மேலே பழைய ரப்பர் செருப்பை வெட்டிய துண்டுகளை நான்கு மூலைக்கும் வைத்து, அதன் மேல் பொக்ஸை வையுங்கள். கல்லின் பாரம் ஆட விடாது, ரப்பர் அதிர்வை நிலத்துக்கு இறங்க விடாது. சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வீடென்றால் கல்லைச் சாந்து வைத்துக் கட்டிவிடுங்கள்.

இரண்டு பொக்ஸுக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, ஒவ்வொன்றில் இருந்தும் நீங்கள் இருக்கிற கதிரைக்கும் அவ்வளவு தூரம் இருக்கட்டும். ஆறு அல்லது ஏழு அடி நல்ல தொடக்கம். பொக்ஸுகளை உங்கள் பக்கம் சற்றுத் திருப்புங்கள். பின் சுவரில் இருந்து ஓர் அடியாவது தள்ளுங்கள், முடிந்தால் இரண்டு. மூலைக்குள் தள்ளவே வேண்டாம். மூலையில் வைத்தால் பேஸ் கூடும். கூடுகிற பேஸ் எல்லாம் ஒரே ‘ஊம்’ என்ற ஒலியாக இருக்கும்.

வயரைப் பாருங்கள். அம்பின் சிவப்பு முனை பொக்ஸின் சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும், இரண்டு பக்கத்திலும். ஒரு பக்கம் மாறியிருந்தால் ஒரு பொக்ஸ் முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். பேஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும்.

இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி பழைய சினிமாப் பாட்டு. 1950களிலும் 60களிலும் வந்த தமிழ்ப் பாட்டுகள் மோனோவில் பதிவானவை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலிதான் போகும். ஆகவே பொக்ஸுகள் சரியாக நின்றால் பாடகரும் வாத்தியமும் இரண்டுக்கும் நடுவில், பொக்ஸே இல்லாத இடத்தில் இருந்து கேட்க வேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் தூரத்தையும் கோணத்தையும் மாற்றுங்கள். நடுவில் வந்து நிற்கிற கணம் உங்களுக்கே தெரியும். கண்ணை மூடினால் ஆள் முன்னால் நின்று பாடுகிற மாதிரி இருக்கும்.

பேஸுக்குச் சோதனை தவில். ஊர்க் கோயில் திருவிழாவில் தவிலைப் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. தவில் தனியாவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள், யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது. தொப்பியில் தடி விழுகிற அடியும் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழுகிற அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு அடியும் தொடங்குவதும் முடிவதும் தெரிய வேண்டும். அடிகள் ஒன்றோடொன்று கலந்தால் பேஸ் கூடிவிட்டது. சப்வூபர், அதாவது பேஸுக்கென்றே தனிப் பொக்ஸ், உள்ள செற்றில் அதன் திருகியைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். சப்வூபர் எங்கே இருக்கிறது என்பதையே நீங்கள் மறக்கிற அளவுதான் சரியான அளவு.

அறை

வீட்டுத்திட்ட வீடுகளில் ஹோல் சின்னது. சீமெந்து நிலம், பூசிய சுவர், நேருக்கு நேர் நிற்கிற சுவர்கள். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு ‘டிர்ர்’ என்று வால் மாதிரி ஓர் ஒலி வந்தால், பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் அதே வால் இருக்கிறது என்று பொருள். சொல் விளங்காததற்குப் பெரிய காரணம் இதுதான். எவ்வளவு விலையான பொக்ஸ் வாங்கினாலும் இது போகாது.

இதை அடக்க மென்மையான, தடித்த பொருள் வேண்டும். பொக்ஸுக்கும் கதிரைக்கும் நடுவில் நிலத்தில் தடித்த கம்பளம் ஒன்று போடுங்கள். பாய் கொஞ்சம்தான் உதவும், மெல்லியது. பக்கச் சுவரில் எந்த இடத்தை மூட வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் கதிரையில் இருங்கள். இன்னொருவர் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நகரட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் பொக்ஸ் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்பி உங்கள் காதுக்கு வருகிறது. அங்கே தடித்த யன்னல் சீலையைச் சுருக்குச் சுருக்காகத் தொங்கவிடுங்கள். பஞ்சு மெத்தை ஒன்றைச் சாய்த்து வைத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். புத்தக அலுமாரியும் நல்லது. முட்டைத் தட்டு ஒட்டுவதில் பெரிய பயன் இல்லை, அது தீப்பிடிக்கவும் கூடும்.

எங்கள் வீடுகளுக்கு இதில் இரண்டு அனுகூலங்கள் இருக்கின்றன. ஒன்று, சீலிங் அடிக்காத ஓட்டுக் கூரை. தட்டையான சீலிங்கில் ஒலி நேரே பட்டுத் திரும்பும், சரிந்து உயர்ந்த ஓட்டுக் கூரையில் அப்படித் திரும்பாது. மற்றது, எந்நேரமும் திறந்திருக்கிற யன்னல். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற பௌதிகவியலாளர் 1890களில் அறைகளின் ஒலியை அளக்கத் தொடங்கியபோது, ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த யன்னல். யன்னலால் வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை. ஆகவே புழுக்கத்துக்குத் திறக்கிற யன்னல் பாட்டுக்கும் நல்லது. வீதியோரத்து வீடென்றால் லொறிச் சத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியதுதான். தகரக் கூரை வேறு கதை. பேஸுக்கு அது அதிரும், மாரி மழைக்கு எந்தப் பாட்டும் கேட்காது. அங்கே ஹெட்போன்தான் நல்ல வழி.

கதிரையை எங்கே போடுவது? சுவரோடு ஒட்டிப் போட்டால் பேஸ் கூடிக் கேட்கும். அறையின் நடுவில் போட்டால் சில தாழ்ந்த சுருதிகள் காணாமலே போகும். 12 அடி நீளமான அறையில் 48 ஹெர்ட்ஸ் அளவில் இந்த மாற்றம் வடிவாகத் தெரியும். முன் சுவருக்கும் பின் சுவருக்கும் நடுவான இடத்தை விட்டு, பின் சுவரில் இருந்து இரண்டு மூன்று அடி முன்னால் போட்டுக் கேளுங்கள். பிறகு அரை அடி அரை அடியாக நகர்த்துங்கள்.

இரைச்சலும் கரண்டும்

பாட்டு இல்லாத நேரத்தில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்டால் போனின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் சார்ஜரால் வருகிறது. போனை முன்கூட்டியே சார்ஜ் செய்துவிட்டுப் பற்றரியில் கேளுங்கள், அல்லது இரைச்சலைப் பிரிக்கிற சின்னப் பெட்டி ஒன்றை ஓக்ஸ் வயரின் நடுவில் போடுங்கள். சார்ஜரைக் கழற்றியும் நிற்காவிட்டால் அம்பையும் மற்றச் சாமான்களையும் ஒரே சொக்கட்டில் இருந்து எடுத்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் வீட்டு எர்த்தை மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடுகிற வேலை அது, செய்யவே கூடாது.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி வரும். வானம் இருண்டு வரும்போதே, முழக்கம் தொடங்குவதற்கு முன்பே, அம்பின் பிளக்கையும் ரௌட்டரின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது.

கரண்ட் போனாலும் பாட்டு வேண்டுமென்றால் ரௌட்டரைப் பற்றரியில் ஓட வைக்கிற ஒரு சின்ன டிசி யூபிஎஸ் வாங்கலாம். 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரி வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட மண் இது. பாட்டுக்காக இவ்வளவு மெனக்கெட்ட ஆட்களுக்கு நல்ல ஒலி கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு உண்மையான விருப்பம் உண்டு.

டேட்டா

160 கிலோபிட்டில் ஒரு மணித்தியாலம் கேட்டால் 72 எம்பி போகும். 320இல் 144 எம்பி. சீடித் தரத்து லாஸ்லெஸில் 300 முதல் 450 எம்பி வரை. உங்கள் பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால், பிடித்த பாட்டுகளை அந்த நேரத்தில் செயலிக்குள்ளேயே பதிவிறக்கி வையுங்கள். பிறகு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே சிக்னல் ஒரு கோடாக இருந்தாலும் பாட்டு முழுத் தரத்தில் ஓடும்.

காசு செலவழிப்பதென்றால்

மேலே சொன்னவை எல்லாவற்றையும் செய்து, சில கிழமை கேட்ட பிறகு வாங்குங்கள். முதல் காசு பொக்ஸுக்குப் போகட்டும். பெரிய ‘ஹோம் தியேட்டர்’ செற்றைவிட நல்ல இரண்டு பொக்ஸும் ஒரு சாதாரண ஸ்டீரியோ அம்பும் பாட்டுக்கு எப்போதும் மேல்.

வெளிநாட்டில் இருக்கிற உறவினர்கள் என்ன கொண்டுவர என்று கேட்டால், பாரமான பெட்டிகளைச் சொல்லாமல் ஒரு சின்ன யூஎஸ்பி டாக்கையோ நல்ல ஹெட்போனையோ சொல்லுங்கள். அம்ப் கொண்டுவருவதென்றால் பின்னால் உள்ள எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் கரண்ட் 230 வோல்ட். லண்டன், பிரான்ஸ், சுவிஸ் சாமான்கள் பிரச்சினையில்லை. கனடாவில் 120 வோல்ட். ‘100–240’ என்று எழுதியிருந்தால் தைரியமாகக் கொண்டுவரலாம். ‘120’ என்று மட்டும் இருந்தால் இங்கே குத்திய உடனே எரிந்துவிடும்.

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பழைய பொக்ஸ் பார்க்கப் போனால் உங்கள் போனையும் ஓக்ஸ் வயரையும் கொண்டு போங்கள். முன் துணியைக் கழற்றச் சொல்லி, கூம்பின் ஓரத்தில் உள்ள ஸ்பொஞ்சை மெல்லத் தொடுங்கள். இந்த வெக்கையில் அது உக்கிப் பொடியாகிவிடும். ரப்பர் ஓரம் என்றால் கூட நாள் நிற்கும். கூம்பை நாலு விரலால் சமனாக மெல்ல அமுக்குங்கள், உரசுகிற சத்தம் வந்தால் வேண்டாம். அம்பின் வொல்யூமைத் திருகும்போது கரகரத்தால் துப்புரவாக்கும் ஸ்ப்ரே அடித்துச் சரியாக்கலாம், அதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு பொக்ஸிலும் தனித்தனியாக ஒரே பாட்டைப் போட்டு, ஒலி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.